மூன்றாம் மாடிக்கு வந்த கத்தி

அத்தியாயம் 5

வெயில் ஏறிக்கொண்டே போனது. வரிசை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கடை ஒதுக்கீட்டு அலுவலகத்தின் வாசலில் நின்ற இரும்புச் சட்டம், யார் நுழைந்தாலும் கீச்சென்று கத்தியது. கத்தியதும் அந்த ஆளை ஓரம்கட்டி, கையைத் தூக்கச் சொல்லி, பாக்கெட்டைக் குடையச் சொன்னார்கள். பக்கத்தில் எக்ஸ்ரே மெஷின் பைகளை ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் துப்பிக்கொண்டிருந்தது.

“மேடம், பெல்ட்டைக் கழட்டச் சொல்றாங்க,” என்றான் சோடா. “கழட்டிட்டு நான் நடந்தா, பொதுமக்களுக்கு அது தான் பெரிய ஆபத்து.”

“பேண்ட்டைப் பிடிச்சுட்டு நட.”

“ரெண்டு கையையும் தூக்கச் சொல்றாங்களே.”

இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம்களைப் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். அவளிடம் மாட்டிக்கொண்டவர்கள் உட்பட எல்லோருக்கும் மேடம். சோடா அவளுடைய உதவியாளன். மூக்குக் கண்ணாடி சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி இருந்ததால் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர், தலையில் முடி கொட்டி முடிந்த பிறகும் அவனை விடவில்லை.

இந்த வழக்கில் யார் குத்தியது என்பதில் மர்மம் கிடையாது. பிரம்பு நாற்காலி பின்னும் ஒருவர், பாலத்துக்கு அடியில் இருந்த தன் கொட்டகையை இடித்துவிட்டார்கள் என்று மாற்று இடம் கேட்டு இந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர். போன வாரம் மூன்றாவது மாடியில், ஒதுக்கீட்டு அதிகாரியின் வயிற்றில் கத்தி இறங்கியது. பிரம்புக்காரர் ஓடவில்லை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் வந்து கேட்டதற்கு, “இது என் கத்தி,” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு வாயே திறக்கவில்லை.

கத்தி எப்படி உள்ளே வந்தது என்பதுதான் கேள்வி. அதற்குப் போலீஸ் ஒரு பதில் வைத்திருந்தது. அன்றைக்கு எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காவலாளிப் பெண் தெரிந்தேதான் விட்டிருக்கிறாள் என்றார்கள். அவள் இப்போது தற்காலிக வேலை நீக்கத்தில் இருந்தாள். இன்று சாயங்காலம் அலுவலகம் மூடுவதற்குள், தன் கவனக்குறைவால் நடந்த தப்பு என்று எழுதிக் கொடுத்தால் வேலை போவதோடு முடியும். இல்லாவிட்டால் கொலை முயற்சிக்குக் கூட்டு என்று கைது. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவளுடைய கணவர்தான் மேடத்திடம் வந்து, “அவ ஒரு ஊக்கைக்கூட விட மாட்டா மேடம். எங்க கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்க பையையே முறைச்சுப் பார்த்தவ,” என்று கலங்கியவர்.

ஒருவழியாகச் சட்டத்தைத் தாண்டினார்கள். கட்டிடத்தின் பக்கவாட்டில் இன்னொரு கதவு திறந்தது. கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒருவர், பெரிய தோல் பையோடு, யாரும் எதுவும் கேட்காமல் உள்ளே போனார்.

“அந்தப் பையை மெஷின் பார்க்காதா மேடம்?”

“அட்டை இருக்குல்ல.”

“ஓ. அட்டை போட்டவனுக்குக் கோவம் வராது போல.”

பாதுகாப்பு அதிகாரி ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட பேச்சு. ஆனாலும் மரியாதையாக உட்கார வைத்து, அன்றைய கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார்.

திரையில் பிரம்புக்காரர் வந்தார். துணிப்பையை மெஷினில் வைத்தார். காவலாளிப் பெண் திரையை உற்றுப் பார்த்தாள். பையைத் திருப்பி அனுப்பி இன்னொரு தடவை பார்த்தாள். அந்தப் பக்கம் பிரம்புக்காரர், யாரும் கேட்காமலே சட்டைப் பாக்கெட்டையும் கால்சட்டைப் பாக்கெட்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டினார். கடைசியில் பேனா மூடியைக் கழற்றி அதையும் நீட்டினார்.

“பையில இருக்கறதை இவ தான் பார்க்காத மாதிரி விட்டிருக்கணும்,” என்றார் பாதுகாப்பு அதிகாரி. “மெஷின் படத்தைச் சேர்த்து வைக்காது. அதனால நிரூபிக்க முடியலை. ஆனா வேற வழி கிடையாது.”

“அந்த ஆள் பேனா மூடியைக் கழட்டறதைப் பார்த்தீங்களா?”

“நடிப்பு மேடம்.”

“ஒளிச்சு எடுத்துட்டு வர்றவன் கேட்டதைத் தான் காட்டுவான். கேட்காததையும் காட்டறவன், முன்னாடி ஒரு தடவை இதே வாசல்ல எதையோ பறிகொடுத்தவன்.” மேடம் திரையில் இருந்து கண்ணை எடுத்தாள். “வாங்கி வைக்கற சாமானை எல்லாம் என்ன செய்வீங்க?”

“டோக்கன் கொடுப்போம். போகும்போது திருப்பிக் கொடுத்துடுவோம்.”

“சாயங்காலம் முன் வாசலை மூடிட்டுப் பின் வாசல் வழியா அனுப்பறீங்களே. அப்போ?”

“அவங்க தான் வந்து வாங்கிக்கணும்.” அவர் அறை மூலையில் இருந்த பிளாஸ்டிக் தொட்டியைக் காட்டினார். அதற்குள் ஒரு குடையும் இரண்டு நகவெட்டியும் கிடந்தன.

சோடா குனிந்து தொட்டியைப் பார்த்தான். “புதுசு. விலைச் சீட்டுகூடக் கிழிக்கலை.”

“பழசு உடைஞ்சுடுச்சு.”

“போன வாரமா?”

பாதுகாப்பு அதிகாரி கேமராப் பதிவை நிறுத்தினார். பிறகு, யாரோ தன்னிடம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் சொல்வது போல, “இந்த மெஷின் வந்த பிறகு நாங்க வாங்கி வெச்சதை நீங்க பார்த்திருக்கணும் மேடம். கத்தி, கத்தரி, உளி, அரிவாள்கூட. அதெல்லாம் மேல போயிருந்தா?” என்றார்.

“மெஷின் வர்றதுக்கு முன்னாடி மேல போயிட்டுத் தானே இருந்துச்சு. ஏதாவது நடந்துச்சா?”

“நடக்கலை. நடக்கலைங்கறதுக்காக நடக்காதுன்னு நான் எழுதிக் கொடுக்க முடியுமா?”

முடியாதுதான்.

மூன்றாவது மாடியில் ஒதுக்கீட்டு அதிகாரியின் அறைக்குப் பூட்டு போட்டிருந்தார்கள். வெளியே நீள அறையில் குமாஸ்தாக்கள் குனிந்த தலை நிமிராமல் இருந்தார்கள். மேடம் கண்ணைக் காட்டினாள். சோடா கண்ணாடியைக் கழற்றி, அதன் காதை ஆட்டிக்கொண்டே முதல் மேஜையில் இருந்த குமாஸ்தா முன்னால் போய் நின்றான்.

“அண்ணே, ஸ்க்ரூ லூசாயிடுச்சு. கண்ணாடிக்குத் தான். திருப்புளி ஏதாவது கிடைக்குமா?”

குமாஸ்தா மேஜை இழுப்பறையைத் திறந்தார். தோல் உறையில் வரிசையாகச் செருகிய, ஊசி மாதிரியான திருப்புளிகளை எடுத்து நீட்டினார். வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருப்பது. சோடா திருகிக்கொண்டிருக்கும்போது மேடம் இழுப்பறைக்குள் எட்டிப் பார்த்தாள். தையற்காரர்கள் துணி வெட்டும் பெரிய கத்தரி ஒன்று கிடந்தது. பக்கத்து மேஜைக்காரர் ஃபைல் கயிற்றை வெட்டிக்கொண்டிருந்தது, முடி வெட்டும் கடையின் மெல்லிய நீளக் கத்தரி.

“நல்ல கத்தரி,” என்றாள் மேடம்.

“ஆபீஸ்ல கொடுக்கறது எங்க மேடம் வெட்டுது. கீழ சொல்லி வெச்சா கொடுப்பாங்க,” என்றார் குமாஸ்தா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தவர் போல இழுப்பறையை மூடினார்.

மாடிப்படியில் இறங்கும்போது சோடா மெதுவாகச் சொன்னான். “ஒரு டெய்லர், ஒரு பார்பர், ஒரு வாட்ச் கடைக்காரர். மூணு பேரோட பொழைப்பு ஒரே ரூம்ல இருக்கு. வாசல்ல இருக்கறது செக்கிங் இல்லை மேடம், கொள்முதல்.”

“கத்தி ஒண்ணுகூட இல்லை, கவனிச்சியா?”

“போன வாரமே எடுத்திருப்பாங்க. கத்தரியும் வெட்டும்னு யாருக்கும் தோணலை.”

“வா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

ஒதுக்கீட்டு அதிகாரி தனி அறையில் இருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். மனைவி மருந்து வாங்க இறங்கிப் போயிருந்தாள். மேடம் தான் யார் என்பதை மறைக்காமல் சொன்னாள். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“போலீஸ்ல எல்லாம் சொல்லியாச்சும்மா.”

“ஒரே ஒரு கேள்வி சார். அன்னைக்கு அந்தக் கத்தியால சீவினது என்ன பழம்?”

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் வந்து தேய்ந்தது.

“ஆப்பிள்,” என்றார்.

பிறகு, சுவரைப் பார்த்தபடியே பேசினார். நிறுத்தி நிறுத்தித்தான் முடிந்தது. மத்தியானம் ஒரு பழம் சாப்பிடுவது அவருக்குப் பழக்கம். கத்தி கீழே இருந்து வந்ததுதான். கைப்பிடியில் பிரம்பு நாரை மெலிசாக இழைத்துப் பின்னியிருந்தது, பிடிக்கச் சுகமாக இருந்தது, அதனால் தானே வைத்துக்கொண்டார். ஆறேழு மாசமாக அவருடைய மேஜையில்தான் கிடந்தது.

“அந்த ஆள் எதிர்ல உட்கார்ந்திருந்தான். இனிமே ஒதுக்க இடம் கிடையாதுன்னு சொன்னேன். சத்தம் போடலை. அழலை. நான் தோல் சீவறதையே பார்த்துட்டு இருந்தான். அப்புறம், அது என் கத்தி சார்னு சொன்னான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உன் பேரு எழுதியிருக்கான்னு கேட்டேன்.” அவர் கண்ணை மூடிக்கொண்டார். “கேட்டுட்டுச் சிரிச்சேன்மா. கையை நீட்டினான். கொடுத்திருக்கலாம். என்னமோ, கேட்டதும் கொடுத்தா என் மரியாதை போயிடும்னு ஒரு இது. எட்டிப் பிடிச்சான். நானும் விடலை. ரெண்டு பேரும் இழுத்தோம். அப்புறம் அவன் குத்தினானா, நானே போய் விழுந்தேனா, எனக்கே தெரியலை.”

சோடா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான்.

மேடம் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். “இதைப் போலீஸ்ல சொன்னீங்களா சார்?”

“நான் அரை மயக்கத்தில இருந்தப்பவே மேலிடத்துல இருந்து ஒருத்தர் வந்தார். எழுதியே கொண்டு வந்திருந்தார். கத்தியோட வந்தான், குத்தினான். கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார். இப்போ மாத்திச் சொன்னா, ரெண்டுல ஒண்ணு பொய்னு என்னைப் பிடிப்பாங்க. அடுத்தவன் சாமானை எடுத்து மேஜையில வெச்சிருந்த அதிகாரி நான் தானே.”

“வாசல்ல இருந்த அந்தப் பொண்ணு சிறைக்குப் போகும்.”

“தெரியும்.”

“அந்தப் பிரம்புக்காரர் திட்டம் போட்டு வந்ததா ஆகும்.”

“தெரியும்மா.” அவர் இப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார். “நீங்க போய்ச் சொன்னா நான் இல்லைன்னு தான் சொல்லுவேன். சொல்லும்போது நீங்க எதிர்ல இருக்காதீங்க. அது ஒண்ணு தான் கேட்டுக்கறேன்.”

மனைவி மருந்துப் பையோடு வந்துவிட்டாள். மேடம் எழுந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே விசாரணை அதிகாரிக்குப் போன் போட்டாள். பழைய பழக்கத்தில் அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். “இருக்கலாம் மேடம். நீங்க சொன்னா அப்படித் தான் இருக்கும். ஆனா கையில என்ன இருக்கு? குத்துப்பட்டவர், அவன் கத்தியோட வந்தான்னு கையெழுத்துப் போட்டிருக்கார். குத்தினவர் என் கத்திங்கறார். ரெண்டாவது மெஷினுக்கு வேற ஆர்டர் போயிடுச்சு. நான் போய், மெஷின் பிடிச்ச கத்தி தான் குத்துச்சுன்னு எப்படிச் சொல்றது?”

“கத்தரி இருக்கு. திருப்புளி இருக்கு. எல்லாம் வாசல்ல வாங்கினது. டோக்கன் வெச்சிருக்கற ஆளுங்க வெளியே இருப்பாங்க.”

“அதை எடுத்துட்டு வாங்க. பார்க்கலாம்.”

ஆட்டோ பிடித்துத் திரும்பினார்கள். மறுபடியும் வரிசை, மறுபடியும் சோடாவின் பெல்ட். வரிசை முன்பைவிட நீளமாக, வாசலில் இருந்து ரோடு வரைக்கும் வழிந்திருந்தது. ஒரு லாரி உரசுகிற மாதிரி போனபோது கைக்குழந்தைக்காரி ஒருத்தி பதறி உள்பக்கம் ஒதுங்கினாள். வெளியே இவ்வளவு பேரை நெருக்கி நிற்க வைத்து, உள்ளே இருக்கிறவர்களைக் காப்பாற்றுகிறார்கள் என்று மேடத்துக்குத் தோன்றியது. யாரிடம் சொல்வது.

மூன்றாவது மாடியில் அதே குமாஸ்தா அதே மேஜையில் இருந்தார். மேடம் கேட்பதற்கு முன்னால் அவரே இழுப்பறையை இழுத்துக் காட்டினார். காலி. எல்லா மேஜையிலும், மழுங்கல் நுனியும் பிளாஸ்டிக் பிடியும் கொண்ட புதுக் கத்தரி ஒவ்வொன்று இருந்தது.

“பாதுகாப்பு அதிகாரி வந்தாரா?” என்று கேட்டாள் மேடம்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். நான் இந்த மாடிக்கே புதுசு,” என்றார் குமாஸ்தா. காலையில் திருப்புளி கொடுத்த விரல்கள் ஃபைலின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

படியில் சோடா நின்றான். “பழைய தொட்டியைப் பத்திக் கீழ கேட்டப்போகூட அந்தப் பாதுகாப்பு அதிகாரிக்கு இந்தக் கத்தரி எல்லாம் ஞாபகம் வரலை. இங்க நல்ல கத்தரின்னு சொன்னீங்க பாருங்க, அது அவர் காதுக்குப் போனப்போ வந்திருக்கு. ஒரு வாரமா அங்கேயே கிடந்த சாட்சியை நாம தான் மேடம் துடைச்சு வெச்சுட்டோம்.”

மேடம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். உண்மையைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தாள். இன்றைக்கு உண்மை முழுசாகக் கையில் இருந்தது. அதை இறக்கி வைக்கத்தான் ஓர் இடம் கிடைக்கவில்லை.

டிரைவிங் ஸ்கூலின் பயிற்சி மைதானத்தில் கார் நின்றிருந்தது. கணவர் முன்சீட்டில். பின்சீட்டில் காவலாளிப் பெண் கையை மடியில் வைத்தபடி இருந்தாள். மேடம் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, எதையும் விடாமல் சொன்னாள். சோடா வெளியே கதவில் சாய்ந்து நின்றான்.

பிரம்பு சுற்றிய கைப்பிடி என்றதும் காவலாளிப் பெண் நிமிர்ந்தாள். போலீஸ் அவளிடம் கத்தியைக் காட்டவே இல்லை.

“அதா,” என்றாள். “அது எனக்கு ஞாபகம் இருக்கு மேடம். தொழில் சாமான்மா, கத்தி இல்லை, தொலைஞ்சுட்டா எனக்குக் கையே இல்லாத மாதிரின்னு ரொம்பக் கெஞ்சினார். எத்தனையோ வருஷமா பையில வெச்சுட்டுத் தான் இங்க வர்றேன், ஒரு நாள்கூட வெளியே எடுத்ததில்லைன்னார். ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணு தான்னு சொல்லி வாங்கிட்டேன். மறுநாள் வந்து கேட்டார். தொட்டியில இல்லை. நல்லாத் தேடினேன்.”

“நீ உன் வேலையைச் சரியாத் தான் செஞ்சிருக்க.”

“அதான் மேடம் கேட்கறேன்.” அவள் குரலை உயர்த்தவில்லை. “நான் அன்னைக்கு அதை வாங்காம விட்டிருந்தா, அது அவர் பையிலயே இருந்திருக்கும். இல்லையா?”

கணவர் காரின் பின்பக்கம் காட்டும் கண்ணாடி வழியாக மேடத்தைப் பார்த்தார். வெளியே சோடா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தான்.

“கேஸ் போட்டுப் பார்க்கலாமா மேடம்?” என்றார் கணவர்.

“போடலாம். நான் வந்து சொல்றேன், எத்தனை தடவை கூப்பிட்டாலும் வர்றேன். ஆனா நான் சொல்றதுக்கு ஆதாரம் கேட்பாங்க. அது இன்னைக்குக் காலையில இருந்துச்சு, இப்போ இல்லை. அது முடியற வரைக்கும் இவங்க உள்ள தான் இருக்கணும். ஜெயிப்போம்னு என்னால சொல்ல முடியலை.”

காவலாளிப் பெண் கணவரின் தோளைத் தட்டி, கற்றுக்கொள்ள வருபவர்களிடம் கையெழுத்து வாங்கும் அட்டையையும் ஒரு வெள்ளைத் தாளையும் கேட்டு வாங்கினாள். அட்டையை முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். யாரும் தடுக்கவில்லை. முதல் இரண்டு வரி தடங்கலில்லாமல் போனது. மூன்றாவது வரியில் பேனா நின்றது.

“மேடம், கவனக்குறைவுக்குப் பெரிய றவா, சின்ன ரவா?”

“பெரிய ற,” என்றாள் மேடம்.

அவள் எழுதினாள். முன்சீட்டில் கணவர் சாவியைத் திருப்பினார்.